ஒரு பாட்டு நேரம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

கால் எப்படி இருக்கிறது? எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒலிபெருக்கி கட்ட நீயேதான் கம்பத்தில் ஏற வேண்டுமா? அடிபட்டது மண்டையில் இல்லாமல் காலில் ஆனதே, அந்தமட்டில் நிம்மதி. நாங்கள் இங்கே சுகம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ கல்யாணத்துக்குக் கொடுத்த ரேடியோ கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஒட்ட வைக்க முடியாத அளவுக்கு உடைந்தது. அவர் காலையில் சரக்குக் கிடங்குக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். அதுவரை இந்த இரண்டு அறைகளில் நானும் குழாய்த் தண்ணீரும்தான் பேசிக்கொள்கிறோம். ஆடம்பரமாக ஒன்றும் வேண்டாம். இருப்பதிலேயே எளிமையாக, மலிவாக, ஆனால் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் காலம் தள்ள முடிகிற மாதிரி, பாட்டுக் கேட்க ஏதாவது செய்து தருவாயா? படுத்துக்கொண்டே செய்ய முடிந்தால் போதும்.

அவர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். பக்கத்தில்தான் இருக்கிறார்.

உன் தங்கை


ஜனவரி 24

அடி வாயாடி,

காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் உன்னை விசாரித்தன. சாப்பாடு ஹோட்டல்காரர் கொடுத்து அனுப்புகிறார். மாப்பிள்ளைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

நீ கேட்டது உலகத்திலேயே நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் கடைக்குப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கடைக்காரன் முதலில் இரண்டு ஸ்பீக்கர் என்பான். எதற்கு? பாடுகிறவள் ஒருத்தி. அவள் ஒரு இடத்தில் நின்றுதானே பாடுகிறாள்? ஒரு நல்ல ஸ்பீக்கர், அதற்குக் கெட்டியான ஒரு மரப்பெட்டி, அளவான ஓர் ஆம்ப்ளிஃபயர், நாடாவைக் கடிக்காத ஒரு டேப். அவ்வளவுதான் தேவை. இதற்கு மேல் கேட்கிறவனுக்குப் பாட்டு வேண்டாம், சாமான்தான் வேண்டும். மினுக்குகிற விளக்கு, பத்துக் குமிழ் எல்லாம் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை.

பெட்டியை நம் வீட்டுப் பழைய அலமாரிக் கதவை அறுத்துச் செய்தேன். ஸ்பீக்கர் ஒரு செத்துப்போன பெரிய ரேடியோவின் நெஞ்சிலிருந்து எடுத்தது. திருப்புவதற்கு ஒரே ஒரு குமிழ், அது சத்தத்துக்கு. சுவரை ஒட்டி வைக்காதே, ஒரு சாண் முன்னால் தள்ளி வை. பின்பக்கம் என் முகவரிச் சீட்டை ஒட்டியிருக்கிறேன். பழுதானால் எழுது. லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

நொண்டி அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

நீ இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயா? அவசரப்பட்டுக் காலை ஊன்றிவிடாதே.

பெட்டி வந்துவிட்டது! ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தேன். ஒரு சாண் தள்ளித்தான். முதல் பாட்டில் அந்தப் பெண் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மூச்சு இழுத்தாள் பார், அது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துணி மடிக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் குறைவாக வைத்தால்தான் அழகாக இருக்கிறது, இரண்டு பேர் ரகசியம் பேசுகிற மாதிரி. பகல் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. கீழ்வீட்டுத் தையற்கார அக்கா படியில் பார்த்து, "என்னம்மா, முகத்துல வெளிச்சம் அடிக்குது?" என்றாள். எங்கள் அண்ணன் அனுப்பிய வெளிச்சம் என்று சொன்னேன்.

அவர் படியேறும் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவேன். வேலையிலிருந்து களைத்து வருகிறவருக்குத் தொந்தரவு கூடாது இல்லையா? ஆனால் அவரும் கேட்டுப் பார்த்தார். பிடித்துவிட்டது. உனக்கு எழுதுவதாகச் சொன்னார்.

உன் தங்கை


மார்ச் 2

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் விரைவில் எழுந்து நடமாட வேண்டும். நான் நலம். தங்கள் தங்கையும் நலம், குறை வைக்கவில்லை.

கிடங்கில் எனக்குக் கீழே ஒரு கூட்டம் மூட்டை தூக்குகிறது. ஒருவனுக்கும் ஒழுங்கு கிடையாது. போன வாரம் ஒருவன் கண்ணாடிச் சரக்கைத் தலைகீழாக இறக்கினான். விட்டேன் ஓர் அறை. பல் இரண்டு கையோடு வந்துவிட்டது. மற்றவர்கள் மறுநாளிலிருந்து ஒழுங்காக இறக்குகிறார்கள். வாயால் சொல்வதை விடக் கையால் சொன்னால் மனிதனுக்கு மறப்பதில்லை. வீட்டிலும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

தாங்கள் செய்த பெட்டி நல்ல வேலைப்பாடு. ஒரே குறை, சத்தம் போதவில்லை. முழுக்கத் திருப்பினாலும் அடுத்த அறையில் நடப்பது கேட்கிறது. வீட்டுக்குள் பாட்டு வைத்தால் பாட்டு மட்டும்தான் கேட்க வேண்டும். வேறு எதுவும் கேட்கக் கூடாது. மச்சானால் முடியாதது உண்டா?

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளைக்கும் வாயாடிக்கும்,

கட்டிலில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். இன்னும் இரண்டு மாதத்துக்குப் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் மிரட்டிவிட்டார்.

என்னிடம் வந்து சத்தம் போதவில்லை என்று சொல்லலாமா மாப்பிள்ளை? இருபது ஊர்க் கூட்டங்களுக்கு மைக் கட்டியவன் நான். நாற்காலி பறந்த கூட்டங்களில் கூடப் பேச்சாளர் குரல் கடைசி வரிசை வரை கேட்டிருக்கிறது. இத்துடன் வேறோர் ஆம்ப்ளிஃபயர் அனுப்பியிருக்கிறேன். பழையதைக் கழற்றிவிட்டு இதைச் செருகுங்கள், ஸ்பீக்கர் தாங்கும். பாதிக்கு மேல் திருப்பினால் கூரை ஓடு எண்ணிக்கையில் குறையும்.

வாயாடி, உனக்குத்தான் இனிமேல் கஷ்டம். நீ வாய் கிழியக் கத்தினாலும் அவர் காதில் விழாது!

மூட்டைக்காரனின் பல்லைப் பற்றிப் படித்தேன். கொஞ்சம் பார்த்து அடியுங்கள் மாப்பிள்ளை, அவனும் சாப்பிட வேண்டும்.

நொண்டி மச்சான்


ஏப்ரல் 28

அண்ணாவுக்கு,

நலமா? நான் நலம். எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். வலது கை விரல்கள் நான்கும் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டன. இடது கையால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியின் சத்தத்தை மறுபடி குறைக்க வழி இருக்கிறதா? பழைய ஆம்ப்ளிஃபயரே எனக்குப் போதும். இல்லையென்றால் வேண்டாம், விட்டுவிடு. இருப்பதே நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

நீ இங்கே வர வேண்டும் என்று நினைக்காதே. கால் முக்கியம். இரண்டு காலும்.

தங்கை


மே 6

வாயாடிக்கு,

என்னடி இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்? நீ எழுதினால் உறைக்குள் காகிதம் திணற வேண்டாமா? உன் விரலைக் கடிக்கிற அளவுக்கு அந்தக் கதவுக்கு உன்மேல் என்ன கோபம்? நான்கு விரலையும் சேர்த்துக் கடிக்கும் கதவை நான் பார்த்ததே இல்லை.

மைக் செட்காரனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான். குமிழை இடப்பக்கம் திருப்பினால் குறையும். அது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் கேட்கிறாய்?

உடனே பதில் எழுது. நீளமாக எழுது. எனக்கு மனசு சரியில்லை.

அண்ணன்


மே 9

ஐயாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தங்கை வீட்டுக்கு நேர் கீழே தையற்கடை வைத்திருக்கிறேன். கடையும் வீடும் ஒன்றுதான். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் முகவரியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். உங்களுக்கு நோயில்லாமல் இருக்கட்டும் என்று எழுதத்தான் மனசு வரும். ஆனால் உங்கள் மேல் எனக்கு ஒரு மாதமாகக் கொலைவெறி.

முதலில் பாட்டுத் தொல்லை என்றுதான் சண்டைக்குப் போனேன். சாயங்காலம் அந்த ஆள் படியேறுவான். கதவு சாத்துவான். அப்புறம் கட்டடமே அதிருகிற மாதிரி பாட்டு. என் மிஷினில் ஊசி நிற்காது. தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். கதவைத் தட்டித் தட்டி நான் ஓய்ந்தேன். பாட்டு நின்ற பிறகுதான் திறந்தான். வேர்த்திருந்தான். உள்ளே உங்கள் தங்கை பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழுதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. நான் பெட்டியைப் பார்க்கிற சாக்கில் குனிந்தேன். "அக்கா, போயிடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

பகலில் அவன் வெளியே பூட்டிவிட்டுப் போகிறான். படிப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கேட்டேன், "உங்க அண்ணனுக்கு எழுதலாமில்ல?" என்று. "எழுதுறதை எல்லாம் அவர் படிச்சிட்டுத்தான் தபால்ல போடுறாரு. அண்ணன் வந்தா இன்னொரு காலையும் ஒடிச்சு அனுப்புவேன்னு சொல்லியிருக்காரு. செய்வாரு அக்கா" என்றாள். விரலைக் கதவில் வைத்துச் சாத்தியவன் அவன்தான்.

போலீஸுக்குச் சொன்னேன். ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அவன் சிரித்துக்கொண்டே திறந்து, "பாட்டு கொஞ்சம் அதிகமாயிடுச்சு சார்" என்றான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கட்டடத்தில் எல்லாரும் அவர்களைப் பாட்டுப் பிரியர்கள் என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி தன் புருஷனிடம், "பாருங்க, அவங்க எப்படிச் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு கேக்கறாங்க" என்று இடித்துக் காட்டுகிறாள்.

உள்ளே நடப்பது ஒருவர் காதிலும் விழுவதில்லை. நீங்கள் அவ்வளவு நன்றாகச் செய்துகொடுத்திருக்கிறீர்கள். ஏதாவது செய்யுங்கள்.

கீழ்வீட்டுத் தையற்காரி


ஜூன் 1

தையல் அக்காவுக்கு,

உங்கள் உடம்பும் கையும் நன்றாக இருக்கட்டும். எனக்கு இருக்கிற ஒரே ஆள் இனிமேல் நீங்கள்தான்.

கடிதத்தைப் படித்ததும் கோலை ஊன்றிப் புறப்பட்டேன். மூன்றாம் படியில் விழுந்தேன். கம்பி விலகி மறுபடி தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து அவனை எத்தனை விதமாகக் கொன்றேன் என்று எனக்கே கணக்கில்லை. குறடால் கொன்றேன். மின்சாரத்தை வைத்துக் கொன்றேன். அவன் பல்லை எல்லாம் அந்த மூட்டைக்காரன் கையில் கொடுத்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் தலை தெளிந்தது. அவனுக்குத் தைரியம் அவன் கையில் இல்லை, என் பெட்டியில் இருக்கிறது. அதை நான்தான் நிறுத்த வேண்டும்.

சத்தம் ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் ஒரு ஃபியூஸ் வைக்கலாம். மெல்லிய கம்பிதான், ஒரு தலைமுடி அளவு. சத்தம் குறைவாக இருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். முழுச் சத்தத்தில் வைத்தால் சூடாகிச் சூடாகி உருகி அறுந்துவிடும். பாட்டு பட்டென்று நிற்கும். அந்த நேரம் கதவுக்கு வெளியே காதுள்ளவர்கள் நிற்க வேண்டும். அந்தக் கான்ஸ்டபிளும் நின்றால் நல்லது.

அக்கா, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கம்பியை இன்னும் மெல்லியதாக வைத்தால் திருப்பியவுடனே அறுந்துவிடும். ஆனால் அவன் அடிக்க ஆரம்பிக்க மாட்டான். பெட்டியைத் திறந்து பார்ப்பான், வேறு கம்பி போடுவான், அப்புறம் நமக்கு வழியே இருக்காது. நடுவில்தான் நிற்க வேண்டும். அதனால் ஒரு பாட்டு ஓடுகிற நேரம் தாங்குகிற மாதிரி கம்பி தேடினேன். வேறொரு ஸ்பீக்கரில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாட்டு ஓடும்போது, இவ்வளவு நேரம் அவள் அடி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் தங்கை எவ்வளவு அடி வாங்கலாம் என்று நானே அளந்து கொடுக்கிறேன். என் கை விளங்குமா?

தயாராக இருங்கள்.

அவளுடைய அண்ணன்


ஜூன் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம்தானே? எனக்குக் கால் மறுபடி படுக்கப் போட்டுவிட்டது. நான் அங்கே வருவது இந்த வருஷம் நடக்காது. தங்கையிடமிருந்து கடிதமே இல்லையே?

அவசரமாக ஒன்று. உங்களுக்கு அனுப்பிய மாதிரியே ஓர் ஆம்ப்ளிஃபயரை வேறொருவருக்குச் செய்து கொடுத்தேன். அது சூடேறிப் புகைந்து, திரைச்சீலை பிடித்து, அரை வீடு போய்விட்டது. உங்களைப் போல ஒழுங்கானவர் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. இத்துடன் உள்ள ஃபியூஸை, நான் படம் போட்டுக் காட்டிய இடத்தில் உடனே மாட்டுங்கள். சத்தம் துளியும் குறையாது. தயவு செய்து உங்கள் கையாலேயே மாட்டுங்கள். அவளிடம் கொடுக்காதீர்கள், அவளுக்கு ஒரு திருகைக் கூட நேராகத் திருப்பத் தெரியாது.

அன்புடன்,
மச்சான்


ஜூன் 17

மச்சானுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஃபியூஸை நானே மாட்டினேன். சுலபமான வேலைதான். கையோடு முழுக்கத் திருப்பிச் சோதித்தேன். சிறிது நேரம்தான், ஆனால் சத்தம் முன்பு போலவே இருக்கிறது.

தங்கையிடமிருந்து கடிதம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். எழுத அவளுக்கு நேரமில்லை. நேற்று என்னிடமே எதிர்த்துப் பேசினாள், தன்னை உங்களிடம் அனுப்பிவிடச் சொல்லி. நன்றாகப் புரிய வைக்க வேண்டும். வைக்கிறேன்.

மாப்பிள்ளை


ஆகஸ்டு 4

அன்புள்ள அண்ணா,

உன் மூன்று கடிதங்களும் பதில் இல்லாமல் அக்காவின் மேசையில் கிடந்தன. மூன்றாவதில் ஒரே வரிதான் இருந்தது, உயிரோடு இருக்கிறாளா என்று. இருக்கிறேன். எனக்கு உட்கார வரவில்லை, அதனால்தான் தாமதம். விலா எலும்பு இரண்டு கூடிவிட்டது. மணிக்கட்டுக் கட்டு நேற்றுப் பிரித்தார்கள். தையற்கடையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறேன். உன் கால் எப்படி இருக்கிறது?

அக்கா செய்ததை முதலில் சொல்கிறேன். அந்தக் கான்ஸ்டபிள் தன் யூனிஃபார்ம் பேண்ட்டைத் தைக்கக் கொடுத்திருந்தார். தையற்காரர்கள் எல்லாரும் சொல்கிற அதே பேச்சுத்தான், "நாளைக்கு வாங்க சார், ரெடியா இருக்கும்." இவள் அதைத் தினமும் சொன்னாள். பேண்ட் என்றைக்கோ தைத்து முடிந்துவிட்டது. மனுஷன் சாயங்காலமானால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சண்டை போடுவார், இவள் டீ வாங்கிக் கொடுப்பாள். கடைசியில் ஒரு நாள் அவர் ஸ்டூலில் இருந்தபோதே மேலே பாட்டு ஆரம்பித்தது. "சார், பேண்ட் மேலதான் இருக்கு, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாளாம். எதிர்வீட்டுக்காரர்களையும் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள்.

உள்ளே என் வீட்டுக்காரர் மேசைக்காலை உருவி வைத்திருந்தார். முதல் அடி விலாவில் விழுந்தது. நான் கட்டிலுக்கடியில் புகுந்தேன், முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். கையால் தடுத்தேன், மணிக்கட்டு போனது. மேசைக்கால் மறுபடி மேலே போனபோது பாட்டு நின்றுவிட்டது.

அவர் அப்படியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். போய் அதன் தலையில் ஓங்கித் தட்டினார். வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அதற்குள் கதவு உடைந்து உள்ளே விழுந்தது. அக்கா துணி அளக்கிற மரக்கோலால் அவர் முகத்திலேயே போட்டாள், கோல் இரண்டாகப் போய்விட்டது. கையில் மிச்சமிருந்த பாதியால் விடாமல் அடித்தாள். எதிர்வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கான்ஸ்டபிள் முதலில் அவரைப் பிடித்தாரா, இவர்களைப் பிடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியதைப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது, அண்ணா. உன்னிடம் என்ன மறைப்பது? இப்போது உள்ளே இருக்கிறார். கிடங்கிலிருந்து அந்த மூட்டைக்காரரும் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்.

நீ அக்காவுக்கு எழுதியதையும் படித்தேன், அந்த ஒரு பாட்டு நேரத்தைப் பற்றி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது. போய்விடும். உன் கையைத் திட்டாதே, அந்தக் கைதான் நிறுத்தியது.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அத்தனை மாதமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல்தான் எல்லாவற்றையும் வாங்கினேன் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை கூட உண்டு, இவ்வளவு அடித்தும் என்னிடமிருந்து ஒரு சத்தம் வாங்க முடியவில்லையே என்று. பாட்டு நின்றதும் அந்த அறைக்குள் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். தொண்டை கிழிந்துவிடும் போல அலறினாள். யார் வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு பெண் யாருமில்லை, என் வாய்தான் திறந்திருந்தது. நான் எல்லா நாளும் அப்படிக் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அண்ணா. எனக்கே கேட்கவில்லை.

தங்கை